சனி, ஞாயிறு கோச்சிங் போதுமா?

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. சனி, ஞாயிறு காலையில் இரண்டிரண்டு மணி நேரம் கிரிக்கெட் கோச்சிங். மற்ற நாளெல்லாம் பள்ளி, டியூஷன். வாரத்துக்கு நான்கு மணி நேரம் ஆகிறதே, போதாதா? கழுத்தில் கறுப்பு வேறு படிந்திருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. (வாசகி, திருச்சி)

பதில்: போதாது. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மிதமான அல்லது கடினமான உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு. வாரத்துக்கு ஏழு மணி நேரம் வருகிறது. அதில் மூன்று நாளாவது மூச்சு வாங்கும் ஆட்டமும், தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் குதித்தல், ஏறுதல் போன்றவையும் இருக்க வேண்டும்.

உங்கள் நான்கு மணி நேரத்திலும் சந்தேகம் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை மைதானத்தில் உட்கார்ந்து, பையன் ஓடிய நிமிடங்களை மட்டும் கூட்டிப் பாருங்கள். நெட்டில் தன் முறைக்காக வரிசையில் நிற்பது உடற்பயிற்சி ஆகாது.

இன்னொரு காரணமும் உண்டு. வேலை செய்யும் தசை, இன்சுலின் தயவில்லாமலே ரத்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஓய்ந்த பிறகும் ஒன்றிரண்டு நாள் இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கும். அப்புறம் பழைய நிலைதான். ஞாயிற்றுக்கிழமை ஓடிய பலன் செவ்வாயோடு தீர்ந்துவிடும். தினம் முடியாவிட்டாலும் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் சும்மா விடாதீர்கள்.

கழுத்துக் கறுப்பை அழுக்கென்று நினைத்துத் தேய்க்க வேண்டாம். எடை கூடிய பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். குழந்தை மருத்துவரிடம் காட்டி, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு அளவுகளைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: டியூஷன் விட்டு வரவே ஏழு மணி. எங்கே போய் 60 நிமிடம் தேடுவது? (வாசகர், தாம்பரம்)

பதில்: ஒரே மூச்சில் வேண்டாம். பள்ளிக்கு வேகநடை 15 நிமிடம், மதிய இடைவேளையில் ஓடிப்பிடித்து 15, மாலையில் 30 என்று சேர்த்தாலும் கணக்கில் வரும். வேகம் போதுமா என்பதற்கு வாய்தான் மீட்டர்: பேச முடிந்து பாட முடியாவிட்டால் மிதம், ஓரிரு வார்த்தைக்கே மூச்சு முட்டினால் கடினம்.

மொட்டை மாடி இருந்தால் ஸ்கிப்பிங் கயிறு போதும். நடுவில் மிதித்து நின்றால் கைப்பிடி அக்குள் வரை வர வேண்டும். 30 விநாடி குதி, 30 விநாடி நில். முதல் வாரம் ஐந்து சுற்று, பிறகு மெல்ல மெல்லப் பத்து. தோளோடு கையைச் சுழற்றும் பிள்ளை சீக்கிரம் களைத்துவிடும். மணிக்கட்டு மட்டும் சுழலட்டும். ஒரு அங்குல உயரம் போதும், முன்பாதத்தில் இறங்க வேண்டும். சிமென்ட் தரையில் வெறுங்காலோடு குதித்தால் கணுக்காலுக்கு மேல் முன்னெலும்பு வலிக்கும். ஷூ கட்டாயம்.

கேள்வி: பெண்ணுக்கு 13 வயது. வயதுக்கு வந்த பிறகு குதிக்கக் கூடாது என்கிறார் மாமியார். (வாசகி, தேனி)

பதில்: தாராளமாகக் குதிக்கலாம். எலும்பு உறுதிப்படும் வயதே இதுதான். மாதவிலக்கு நாளிலும் வலி இல்லையென்றால் தடையில்லை. சட்டென்று களைத்தால் ஹீமோகுளோபின் பாருங்கள். 12 கிராமுக்குக் கீழ் என்றால் ரத்தசோகை. ஆணோ பெண்ணோ, ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ மயங்கி விழுந்தாலோ, "காலையில் சாப்பிடவில்லை, அதான்" என்று சமாதானம் சொல்லாமல் ஆட்டத்தை நிறுத்தி, முதலில் இதயத்தைப் பரிசோதியுங்கள்.