ஓதம் ஏறும் சுவருக்கு வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிக்கலாமா?

கேள்வி: தேவகோட்டையில் எங்கள் ஐயா கட்டிய வீடு. வளவுச் சுவரில் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதி) தரையிலிருந்து மூன்றடி உயரம்வரை உப்பு பூத்துப் பூச்சு உதிர்கிறது. வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் பத்து வருடம் கியாரண்டி என்கிறார் ஒரு கான்ட்ராக்டர். வேலையைக் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஓடு ஒழுகினால் கறை மேலிருந்து இறங்கும். உங்கள் வீட்டில் கீழிருந்து ஏறுகிறது, அதுவும் உப்போடு. மண்ணிலுள்ள ஈரத்தைச் செங்கல் உறிஞ்சுகிறது; தண்ணீர் காற்றில் போய்விட, கூட வந்த உப்பு பூச்சுக்குள் தங்கி இறுகி அதை உடைக்கிறது.

பழைய சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன் மேல் பெயின்ட்டோ சிமென்ட்டோ போட்டு அடைத்தால், ஈரம் வேறு வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். பக்கத்தில் தேக்கு நிலையோ தூணோ இருந்தால் கரையானுக்கும் கொண்டாட்டம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுவர்களைக் கொத்திவிட்டுச் சிமென்ட் பூசுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நன்றாக இருக்கும் பூச்சில் கை வைக்க விடாதீர்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். முற்றத்து வடிகால் அடைத்திருக்கிறதா? கூரைத் தண்ணீர் சுவரடியில் கொட்டுகிறதா? ரோடு போட்டுப் போட்டு வெளியே மட்டம் உயர்ந்து, வீட்டுத் தரை பள்ளமாகிவிட்டதா? இரவில் எல்லாக் குழாயையும் மூடி, மேல்தொட்டியில் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. இதையெல்லாம் சரிசெய்து, உதிர்ந்த பூச்சைச் சுரண்டி, செங்கல்லைக் காயவிட்டு, அப்புறம் சுண்ணாம்பே பூசச் சொல்லுங்கள். அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முன்பே பூச்சு ஆறிவிட வேண்டும், அதனால் கோடையிலேயே தொடங்குங்கள்.

சரி, அந்தக் கியாரண்டி? தருவது பெயின்ட் கம்பெனியா, கான்ட்ராக்டரா? தரையிலிருந்து ஏறும் ஓதத்துக்கும் அது செல்லுமா? எழுதிக் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்து வேலை சரியில்லாமல் போனவர்கள், பில் இருந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழி கேட்க 1915 என்ற உதவி எண் இருக்கிறது.