டாக்டரிடம் கேளுங்கள்: ‘பதினாலாம் பெட் சூப்பர் கேஸ்!’

கேள்வி: என் மகள் மூன்றாம் வருஷம் எம்.பி.பி.எஸ். படிக்கிறாள். தெருநாய் நொண்டினால்கூட அழுகிற பிள்ளை. போன வாரம் லீவில் வந்தவள், போனில் தோழியிடம், “பதினாலாம் பெட் சூப்பர் கேஸ்டி, லிவர் நாலு விரல்!” என்று குதூகலமாகச் சொன்னாள். எனக்குத் திக்கென்றது. என் பெண்ணின் மனசு மரத்துப்போகிறதா, டாக்டர்?
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: அவள் வயசில் நானும் இப்படித்தான் பேசினேன் அம்மா. எங்கள் மெடிசின் வார்டில் மண்ணீரல் (ஸ்ப்ளீன்) வீங்கிய ஒரு பெண்மணி இருந்தார். இந்த மாதிரி வீக்கத்தை விலா எலும்புக்குக் கீழே எத்தனை விரல் அகலம் என்றுதான் அளப்போம், உங்கள் மகள் சொன்ன ‘நாலு விரல்’ அதுதான். வீக்கம் கைக்கு நன்றாகத் தட்டுப்படும் என்பதால், பரீட்சை நெருங்க நெருங்க எங்கள் பேட்ச் மொத்தமும் அந்தக் கட்டிலைச் சுற்றித்தான் நிற்கும். மூச்சை இழுங்க, விடுங்க, ஒருக்களிச்சுப் படுங்க. ஒன்பதாவது ஆளாக நான் கை வைத்தபோது, “இன்னும் எத்தனை பேரு கண்ணு?” என்றார். கோபமில்லை, பஸ் எப்போ வரும் என்று கேட்கிற குரல். சிரித்து மழுப்பிவிட்டு அழுத்தினேன். அவர் பெயரை கேஸ் ஷீட்டின் முதல் வரியில் எழுதியிருப்பேன். இன்று நினைவில்லை. மண்ணீரல் ஆறு விரல் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அமெரிக்காவில் பிலடெல்பியாவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் இதை அளந்தே பார்த்தார்கள். இருபது கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல். 2009-ல் வந்த முடிவு: மாணவர்களின் பரிவு மதிப்பெண் மூன்றாம் ஆண்டில்தான் சரிகிறது. அங்கே முழுநேரமாக வார்டுக்குள் நுழைகிற வருஷமே அதுதான். (மாணவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னது அது, நோயாளிகளைக் கேட்டிருந்தால் என்ன வந்திருக்குமோ!)

நம் நாட்டிலும் 2019 முதல் மனப்பான்மை, அறநெறி, நோயாளியிடம் பேசும் முறை ஆகியவற்றைப் பாடத்திட்டத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். ‘ஏட்காம்’ என்பார்கள், உங்கள் மகளைக் கேளுங்கள். நல்ல விஷயம்தான். ஆனால் தூக்கமில்லாத பிள்ளைகள் ரவுண்ட்ஸில் சீனியரைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். சீனியர் “அந்த ஸ்ப்ளீன் எங்கே?” என்று கேட்டால், இவர்களுக்கும் அந்த நோயாளி வெறும் ஸ்ப்ளீன்தான்.

எங்கள் சீஃப் ஒருவர், டிசம்பர் காலையில் யார் வயிற்றில் கை வைப்பதற்கு முன்னும் உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். பார்த்து முடித்ததும் விலகிய சேலையை நர்ஸம்மா இழுத்துவிடும்வரை அடுத்த கட்டிலுக்கு நகரமாட்டார். இதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் பேட்சில் பாதிப் பேர் இன்றும் கையைத் தேய்க்கிறோம்.

உங்கள் மகளுக்கு உபதேசம் வேண்டாம், காதில் ஏறாது. இன்றைக்கு போன் பண்ணும்போது, “அந்தப் பதினாலாம் பெட்டுக்கு எந்த ஊரு? கூட யாரு இருக்கா?” என்று சும்மா விசாரியுங்கள். தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். நாளைக் காலை வார்டுக்குப் போனதும் கேட்டுவிடுவாள்.