விசா எடுத்து விமானத்தில் வராமல் அகதிகள் ஏன் படகில் ஏறி உயிரைப் பணயம் வைக்கிறார்கள்?

'ஏஜென்டுக்குக் கொடுக்கும் காசில் நாலு டிக்கெட் வாங்கலாமே' என்றும் கேட்டிருக்கிறீர்கள். விசாவுக்காக அதிகம் அலையாதவர் போலிருக்கிறது. இல்லையென்றால் மன்னிக்கவும்.

டிக்கெட் வாங்கலாம், ஏறத்தான் முடியாது. விசா இல்லாதவரை ஏற்றி வந்தால் பல நாடுகள் விமான நிறுவனத்துக்கு அபராதம் போடுகின்றன. அதனால் எல்லைக் காவல் செக்-இன் கவுன்டரிலேயே தொடங்கிவிடுகிறது. சரி, விசா? 'அடைக்கலம் கேட்கப் போகிறேன்' என்று உண்மையைச் சொன்னால் சுற்றுலா விசா கிடைக்குமா? 1951 அகதிகள் உடன்படிக்கைப்படி, துன்புறுத்தலுக்கு அஞ்சிச் சொந்த நாட்டுக்கு வெளியே வந்தவர்தான் அகதி; உள்ளே இருக்கும்வரை அவர் அகதியே இல்லை. ஆபத்திலிருந்து நேராக வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் காரணம் சொன்னால், அனுமதியின்றி நுழைந்ததற்குத் தண்டிக்கக் கூடாது என்கிறது அதன் 31ஆம் பிரிவு. 'கள்ளத்தோணி' என்று எழுதுபவர்கள் அதைப் படிக்கலாம்.

வருபவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. பொய்க் கதைகளும் என் வாய் வழியாகப் போயிருக்கின்றன. அடைக்கல விசாரணைகளில் மொழிபெயர்ப்பது என் தொழில்.

ஒருமுறை உங்கள் கேள்வியையே அதிகாரி கேட்டார். வந்தவர் (ஆளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல மாட்டேன்) சொன்னார்: "ஏர்போர்ட்டில் என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்ப்பதே என்னைத் தேடுகிறவர்கள்தானே?" அதை அப்படியே மொழிபெயர்த்தேன்.

அடுத்து, வீட்டை விட்டுக் கிளம்பிய தேதி. "சின்னவளுக்கு முதல் பல் எட்டிப் பார்த்த வாரம்" என்றார். "தேதி கேட்கிறார்" என்று நானே குறுக்கிட்டேன். விரல் மடக்கி எண்ணி ஒரு தேதி சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து அதே கேள்வி வந்தபோது வேறு தேதி. கோரிக்கையை நிராகரித்தார்கள், முதல் காரணம், தேதிகள் முரண்.

அந்தப் பல்லை நான் மொழிபெயர்க்கவே இல்லை. வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் சொல்ல வேண்டும் என்பதுதான் விதி. திட்ட வருபவர்களுக்கு ஒன்று: அது இடைவேளையில்லாத நான்காவது மணி நேரம். எங்களை அனுப்பும் நிறுவனம் மணிக்கணக்கில்தான் கூலி தரும், அதையும் மூன்று மாதம் இழுக்கும். விசாரணை ரத்தானால் சல்லிக்காசு கிடையாது. போகிற வழிச் செலவும் நம் தலையில்தான். இதைப் பற்றி யாரும் இங்கே கேள்வி கேட்பதில்லை.

மேல்முறையீட்டில் அவர் பல் முளைத்த கதையை மறுபடி சொன்னாராம். அன்று மொழிபெயர்த்தது வேறொருவர்.