போலோ ஜிடி டிஎஸ்ஐ வைத்திருக்கிறேன். ட்ராக் டேக்கு எந்த பிரேக் அப்கிரேட் சரியாக இருக்கும்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிக்கொள்கிறேன்: ரீமேப் (என்ஜின் மென்பொருளை மாற்றிப் பவர் கூட்டுவது) செய்த 1.2 டிஎஸ்ஐ போலோ, வருஷத்துக்கு மூன்று நான்கு ட்ராக் டே (சொந்த வண்டியை ரேஸ் ட்ராக்கில் ஓட்டும் நாள்), முன்னால் நாலு பிஸ்டன் காலிபரோடு (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) பெரிய கிட் போடலாமா, பின்னால் டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் மாட்டலாமா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு சின்னப் பங்கை மட்டும் எடுத்து பிரேக் ஃப்ளூயிடும் முன் பேடும் (டிஸ்க்கில் உரசி நிறுத்தும் கட்டை) மாற்றுங்கள். மிச்சத்தை டயருக்கும் ட்ராக் கட்டணத்துக்கும் வையுங்கள்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் என் முதல் ட்ராக் டே. என்னுடையதும் இதே ஜிடி டிஎஸ்ஐதான். நாலாவது லேப் வரை பிரேக் அருமையாகப் பிடித்தது. ஐந்தாவது லேப்பில் நேர்ச்சாலை முடிந்து பெடலில் கால் வைத்தால், பஞ்சு மெத்தையில் வைத்த மாதிரி உள்ளே போனது. பதறிப்போய் இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்ததும் பாதிப் பிடிமானம் திரும்பி வந்தது. அதற்குள் வண்டி ட்ராக்கை விட்டு மண்ணில் இறங்கிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பம்பருக்குள் இருந்து ஒரு கூடை புல் எடுத்தேன், அவ்வளவுதான்.

பிட்டுக்கு (ட்ராக் ஓரம் வண்டி நிறுத்தும் இடம்) வந்து, "கம்பெனி ஸ்டாக் பிரேக் லாயக்கில்லை, பெரிய கிட் போடணும்" என்று புலம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து பிட்டில் பழைய எஸ்டீம் ஒன்றோடு நின்ற அண்ணன் ஒருவர் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, ஃப்ளூயிட் எப்ப மாத்துனீங்க?"

வண்டி வாங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. மாற்றியதே இல்லை.

பிரேக் ஃப்ளூயிட் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் என்பது அதன் தர வகை. சாதாரண டாட் 4, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. சுமார் மூன்றரை சதவீதம் தண்ணீர் ஏறிவிட்டால் அதே விதி கேட்கும் அளவே 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205, 140. டாட் 5.1 என்றால் 260, 180. சென்னை மாதிரி கடலோரக் காற்றில் வருஷக்கணக்காக ஓடிய வண்டியில் என்ன இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கொதித்தால் குழாய்க்குள் நீராவிக் குமிழி உண்டாகிறது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்க முடியும். அதனால் நீங்கள் மிதிப்பது பேடுக்குப் போய்ச் சேராமல் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடுகிறது.

எவ்வளவு சூடு என்று ஒரு கணக்கு சொல்கிறேன். ஆளோடு சேர்த்து வண்டி 1,200 கிலோ என்று வையுங்கள். 150 கி.மீ. வேகத்திலிருந்து 70-க்குக் குறைக்க சுமார் 8 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாக மாற வேண்டும். இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. அடுப்பில் வைத்தால் எத்தனை நிமிடம் ஆகும்? இங்கே மூன்று நான்கு வினாடியில் முடிகிறது. அதில் எழுபது சதவீதத்துக்கு மேல் முன் டிஸ்க் இரண்டுக்கும் போகிறது. ஒரு டிஸ்க் ஐந்து கிலோ இருந்தால், ஒரே ஒரு பிரேக்கிங்கில் அதன் வெப்பம் நூறு டிகிரிக்கு மேல் எகிறும். ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். ரீமேப் செய்தால் நேர்ச்சாலையின் முடிவில் பத்துப் பன்னிரண்டு கி.மீ. வேகம் கூடலாம். வேகத்தின் வர்க்கத்தில் ஆற்றல் ஏறுவதால், அந்தப் பத்து கி.மீ. பிரேக்குக்குப் பத்து கி.மீ. மாதிரி இருக்காது.

ஆகவே முதலில் ஃப்ளூயிட். 300 டிகிரிக்கு மேல் கொதிநிலை உள்ள ரேஸ் ஃப்ளூயிட் வாங்குங்கள். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 இங்கேயே கிடைக்கிறது. அது இன்னும் சீக்கிரம் ஈரம் ஏறிக் கெடும் என்பதால் வருஷம் ஒருமுறை மாற்ற வேண்டும், அடிக்கடி ட்ராக் போனால் ஒவ்வொரு முறையும் போவதற்கு முன் ப்ளீட் செய்துவிடுங்கள் (பழைய ஃப்ளூயிடையும் குமிழியையும் வெளியேற்றுவது). டப்பாவில் டாட் 5 என்று மட்டும் போட்டிருந்தால் தொடாதீர்கள். அது சிலிக்கோன், உங்கள் ஏபிஎஸ் வண்டிக்கானது அல்ல. 5.1 வேறு, 5 வேறு. பாதி காலியான பழைய டப்பாவை "மூடி வச்சிருந்தோம் சார்" என்று ஊற்ற வருகிறவரிடமும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அடுத்தது பேட். பெடல் உள்ளே போகவில்லை, கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, ஆனாலும் வண்டி நிற்கவில்லை, கூடவே கருகல் நாற்றம் என்றால் அது ஃப்ளூயிட் அல்ல, பேட் தீய்ந்துகொண்டிருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம். தெருவுக்கும் ட்ராக்குக்கும் நடுவில் இருக்கும் ரகப் பேட்தான் உங்களுக்குப் பொருந்தும். ஃபெரோடோ டிஎஸ்2500 அந்த ரகத்துக்கு உலகம் முழுக்க எல்லோரும் சொல்லும் உதாரணம். முழு ரேஸ் பேட் வேண்டாம். அது சூடேறினால்தான் கடிக்கும், காலையில் ஸ்கூல் பஸ் பின்னால் போகும்போது உங்களைக் கைவிடும். வாங்கும்போது வண்டிப் பெயரைச் சொல்லி வாங்காமல், பழைய பேடைக் கழற்றி அதன் பின்தகட்டு வடிவத்தைப் பார்த்து வாங்குங்கள். போலோவில் வருஷத்துக்கு வருஷம், வேரியன்ட்டுக்கு வேரியன்ட் வித்தியாசம் உண்டு.

இந்த ரகம் கத்தும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் மாற்றிய வாரம், கேட்டுக்குள் வண்டி நுழையும் சத்தத்தைக் கேட்டு "லாரி எதுவும் வந்திருக்கா?" என்று வீட்டில் கேட்டார்கள். ஆறு மாதமாகப் பழகிவிட்டார்கள்.

புதுப் பேட் போட்டதும் நேராக ட்ராக்குக்குப் போய்விடாதீர்கள். காலி ரோட்டில் மிதமாக ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கூட்டி, பத்துத் தடவை போல வேகத்தைக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல், பிறகு பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள். பேடின் மெல்லிய படலம் டிஸ்க்கில் சமமாகப் படிய வேண்டும். "டிஸ்க் வளைஞ்சிடுச்சு" என்று ஸ்டீயரிங் உதறலுக்குச் சொல்லும் காரணத்தில் பெரும்பாலும் வளைவே இருக்காது, இந்தப் படலம் திட்டுத் திட்டாகப் படிந்திருக்கும். சூடான வண்டியை பிரேக்கில் காலை வைத்தபடி நிறுத்தினால் அப்படித்தான் ஆகும். பாதிக்கு மேல் தேய்ந்த பேடோடு ட்ராக்குக்குப் போவதும் தப்பு. மெல்லிய பேட் வெப்பத்தைத் தடுக்காமல் பிஸ்டன் வழியாக ஃப்ளூயிடுக்குக் கடத்திவிடும்.

இத்தோடு என் வண்டியில் பிரச்சினை தீர்ந்தது. அதே டிஸ்க், அதே காலிபர், அதே டிரம்.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை: நூறில் போய் முழு பலத்தோடு மிதித்துப் பாருங்கள். ஏபிஎஸ் துடிக்கிறதா? அப்படியென்றால் டயர் தாங்கும் அளவுக்கு மேலேயே உங்கள் ஸ்டாக் பிரேக்குக்குப் பிடி இருக்கிறது. நாலு பிஸ்டன் போட்டாலும் ஒரே ஒரு தடவை நிற்கும் தூரம் குறையாது. பெரிய டிஸ்க்கால் கிடைப்பது வெப்பத்தைத் தாங்கும் திறன். பத்தாவது லேப்பிலும் முதல் லேப் மாதிரி பிடிக்கும், அவ்வளவுதான். காரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போனால் இது இன்னும் தெரியும். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் அந்த ட்ராக் இரண்டு கி.மீ. சொச்சம்தான், உச்ச வேகம் குறைவு, ஆனால் பிரேக் ஆறுவதற்கு இடைவெளியே கிடைக்காது.

ஸ்டீல் பிரெய்டட் ஹோஸ் (எஃகு வலை சுற்றிய பிரேக் குழாய்) போட்டால் பெடல் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். போடலாம், அவசரமில்லை. ஓட்டை போட்ட டிஸ்க் வேண்டவே வேண்டாம், ட்ராக் சூட்டில் ஓட்டையிலிருந்து விரிசல் ஓடும். காற்று வழி செய்வதுதான் இதில் நல்ல மலிவு வேலை: முன் பம்பரில் ஃபாக் லேம்ப் மூடியைக் கழற்றி, அங்கிருந்து ஒரு குழாயை டிஸ்க்கின் மையத்தை நோக்கி விடுங்கள். காற்று டிஸ்க்கின் முகப்பில் அடிக்கக் கூடாது. நடுவில் விட்டால் டிஸ்க்கே சுழன்று தன் உள் இடுக்கு வழியாகக் காற்றை வெளியே தள்ளும். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, டயர் உரசுகிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

இதெல்லாம் செய்தும், நல்ல டயர் போட்டும், இருபது நிமிட செஷன் முழுக்க ஓட்டி இன்னும் ஃபேட் ஆகிறதென்றால், அதாவது சூட்டில் பிடி குறைகிறதென்றால், அப்போது பெரிய டிஸ்க் பற்றி யோசிக்கலாம். அப்போதும் நான் கடைக் கிட்டுக்குப் போக மாட்டேன். அதே ஃபோக்ஸ்வாகன் குடும்பத்துப் பெரிய வண்டியின் காலிபர், கேரியர், 288 மி.மீ. டிஸ்க் போடுவது பல நாட்டு போலோக்காரர்கள் செய்து பழகிய வேலை. பேட் எளிதாகக் கிடைக்கும். பிஸ்டன் விட்டம் பழையதைவிடப் பெரிதென்றால் பெடல் நீளமாகப் போகும், பிடியும் முன்பக்கம் அதிகமாகச் சாயும். 15 இன்ச் அலாய்க்குள் காலிபர் அடங்குமா என்று கழற்றி வைத்துப் பார்த்த பிறகுதான் காசு கொடுக்க வேண்டும்.

பின் டிரம் பார்க்க அழகில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கனமாக பிரேக் பிடிக்கும்போது முன் இழுவை வண்டியின் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், அங்கே வேலையே குறைவு. டிஸ்க் மாற்றினால் ஹேண்ட்பிரேக் கேபிள், ஹப், முன் பின் சமநிலை என்று எல்லாவற்றையும் தொட வேண்டும். லேப் டைமில் எதுவும் தெரியாது. சிவப்பு பெயிண்ட் அடித்தாலும் அதே பலன்தான்.

ஓட்டும் விதத்தில் ஒன்று. புதியவர்கள் சீக்கிரமே பிரேக்கைத் தொட்டு மெதுவாக இழுத்துக்கொண்டே போவார்கள். ஆற்றல் அதேதான், ஆனால் ஆறும் நேரத்தைத் தின்றுவிடும். நேராக இருக்கும்போதே அழுத்தமாகப் பிடித்து விட்டுவிடுங்கள். டிஎஸ்ஜி ஆட்டோ கியர்பாக்ஸை மேனுவலில் வைத்து ஓட்டுங்கள். வளைவில் ஆக்சிலரேட்டரை அமுக்கி இஎஸ்பி (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) விளக்கு மின்னுகிறது என்றால், உங்களுக்குத் தெரியாமல் அது பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதுவும் சூடுதான்.

செஷன் முடிந்தால் கடைசி லேப்பைப் பிரேக் தொடாமல் ஓட்டி ஆற்றுங்கள். பிட்டில் ஹேண்ட்பிரேக் போடாமல், கியரை பார்க்கில் வைத்து, டயருக்கு ஒரு கல் வையுங்கள். வீல் போல்ட்டை டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டருக்குச் சரிபாருங்கள், ஆறின பிறகு. இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்து "ரேஸ், வேகச் சோதனை" என்று விலக்கு இருக்கும் வரியையும் படித்துவிடுங்கள், ட்ராக்கில் இடித்தால் செலவு நம் பாக்கெட்டிலிருந்துதான். ஒரு லிட்டர் ஃப்ளூயிட், ப்ளீட் செய்ய ஒரு டியூப், அதற்குப் பொருந்தும் ஸ்பேனர், ஒரு பழைய பாட்டில் டிக்கியில் இருக்கட்டும். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்து பிட்டில் யாராவது புலம்பிக்கொண்டிருப்பார்கள்.