கிணறு வரைந்த பையன் – கடிதம்

அன்புள்ள சார்,

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஓவியம், இசை, கைவேலை எல்லாவற்றையும் நாங்கள் இருவரேதான் நடத்த வேண்டும். எனக்குப் பாடவும் வராது, வரையவும் வராது. தொடக்கப்பள்ளிக்கு ஏன் இதற்கென்று ஆசிரியர் பணியிடம் இல்லை? எங்கள் பள்ளியில் படித்து இப்போது வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் 10,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். கீபோர்டு வாங்கலாமா, கலர் பெட்டியும் பார்த்து வரையும் புத்தகங்களும் வாங்கலாமா? பிள்ளைகளுக்கும் ஆர்வம் கம்மிதான். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், கிணறு வரையச் சொன்னால் பெரிய வட்டம் போட்டு, மேலே ராட்டினத்தை நிற்கவைத்து, வட்டத்துக்குள் மீன், தவளை, வாளி எல்லாம் வரைந்திருந்தான். அழித்துவிட்டுச் சரியாக வரைந்து காட்டினேன். அதிலிருந்து நோட்டை என்னிடம் நீட்டி, "நீங்களே போட்டுக் குடுங்க டீச்சர்" என்கிறான்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டீச்சர்,

பணியிடம் ஏன் இல்லை என்பதற்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்கு ஒரு பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்கிறது. ஒன்று முதல் ஐந்து வரைக்கும் அப்படி ஒருவரைப் பற்றிப் பேச்சே இல்லை. தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, கைத்தொழில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்ததும் அந்த மேல் வகுப்புகளுக்குத்தான். வாரம் மூன்று அரைநாள் வேலை, அப்போது மாதம் 5,000 ரூபாய். அப்புறம் அவர்கள் பணி நிரந்தரம் கேட்டு வருடக்கணக்கில் தெருவில் உட்கார்ந்தது உங்களுக்கே தெரியும். உங்கள் பள்ளிக்கு ஒருவர் வந்து இறங்குவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கீபோர்டும் வேண்டாம். ஆறே மாதத்தில் பீரோ மேல் ஏறிவிடும். பாட வராது என்பதையும் நான் ஏற்கப்போவதில்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்த விளையாட்டுப் பாட்டிலிருந்து தொடங்குங்கள். உங்கள் குரலுக்கு வசதியான சுதியில் எடுக்காமல் கொஞ்சம் மேலே எடுங்கள். கீழே எடுத்தால் பிள்ளைகளுக்குக் குரல் எட்டாது. பாடுவதை விட்டுவிட்டுக் கத்துவார்கள். வடிவமைப்புக்கோ வாசலும் கோலமாவும் போதும். நேர்ப்புள்ளிக்கும் சந்துப்புள்ளிக்கும் கோடு எப்படி மாறுகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். பையன்களையும் குனிந்து போடச் சொல்லுங்கள்.

என்னை உட்கார்ந்து எழுதவைத்தது கடைசியில் போகிறபோக்கில் நீங்கள் சொன்ன அந்தக் கிணறுதான். போன மாதம் ஒரு ஓவியப் போட்டிக்கு நடுவராகப் போய்விட்டு வந்ததிலிருந்து எனக்கு இதே நினைப்பு. தலைப்பு 'என் ஊர்'. பாதிக்கு மேல் ஒரே படம்: இரண்டு மலை, நடுவில் சூரியன், அங்கிருந்து வளைந்து இறங்கும் ஆறு, ஓரமாக ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் டிக் அடித்ததுபோல நாலு பறவை. கண்மாயும் தைலமரக் காடும் தவிர வேறொன்றும் பார்த்திராத பிள்ளைகள் இவர்கள். அந்த இரட்டை மலையை யார் இவர்கள் கையில் திணித்தது? நாம்தான். 'பார்த்து வரை' என்று கரும்பலகையில் போட்டுக் காட்டிய ஒவ்வொருவரும்தான். இதற்கு மேலும் புத்தகம் வேறு வாங்கப்போகிறீர்களா?

அந்தப் பையன் செய்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள் டீச்சர். கிணற்றை மேலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறான், அதனால் வாய் வட்டம். ராட்டினத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான், அதனால் அது நிமிர்ந்து நிற்கிறது. தண்ணீருக்குள் மீன் இருப்பது அவனுக்குத் தெரியும், அதையும் விடவில்லை. கிணற்றைப் பற்றித் தனக்குத் தெரிந்த எதையும் மறைக்காமல் ஒரே தாளில் வைத்துவிட்டான். லுக்கே என்ற பிரெஞ்சுக்காரர், தன் மகள் வரைந்ததையெல்லாம் வருடக்கணக்கில் சேர்த்துவைத்துப் பார்த்தவர், 1927இல் வந்த நூலில் இதைத்தான் விளக்கினார்: இந்த வயதுப் பிள்ளை கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது. அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. நீங்கள் அழித்தது அந்த ஒழுங்கை.

"அப்படியென்றால் தப்பாகவே வரையட்டுமா?" என்று கேட்பீர்கள். எனக்கு ஆறாம் வகுப்பில் ஒரு டிராயிங் மாஸ்டர் இருந்தார். ஓவியத்துக்கான அரசுத் தேர்வில் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவர். மேசைமேல் ஒரு செம்பை வைத்து, ஒரு கண்ணை மூடி, பென்சிலை நீட்டிப் பிடித்து, கட்டைவிரலால் செம்பின் வாயை அளப்பார். "வாய் வட்டம்தான்டா. ஆனா நீ உக்காந்திருக்கிற எடத்துக்கு அது வட்டமில்ல. கொஞ்சம் எந்திரி, இப்பப் பாரு" என்பார். எழுந்தால் வாய் விரியும், உட்கார்ந்தால் ஒடுங்கும். பெஞ்சில் ஏறி இறங்கி அன்றைக்குப் பூராவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரமே அந்தப் பீரியடைக் கணக்கு சார் வாங்கிக்கொண்டது வேறு கதை. பதினொன்று, பன்னிரண்டு வயதில், நாம் வரைந்தது நிஜம்போல இல்லையே என்று நமக்கே உறுத்த ஆரம்பித்த பிறகு சொல்லிக்கொடுத்தார். அதிலும் என் தாளில் அவர் கைவைக்கவே இல்லை. எட்டு வயதில் அந்த உறுத்தல் கிடையாது. கேட்காத கேள்விக்குப் பதிலைத் திணித்தால் பிள்ளைக்குப் புரிவது ஒன்றுதான்: எனக்கு வரைய வராது, டீச்சருக்குத்தான் வரும். அதைத்தான் அவன் நோட்டை நீட்டிச் சொல்கிறான். நீங்கள் அதை ஆர்வக் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். கோபம் வந்தது டீச்சர், மறைக்கவில்லை.

ஆனாலும், அவன் வட்டத்துக்குள் என்னென்ன இருந்தன என்று தவளை வரைக்கும் ஞாபகம் வைத்து எழுதியிருக்கிறீர்கள். அழித்தாலும் பார்த்திருக்கிறீர்கள். வரையத் தெரியாதவர் என்று இனிமேல் யாரிடமும் சொல்லாதீர்கள். மூன்றாம் வகுப்புக்கு வேண்டியது அந்தப் பார்வைதான். "மீன் எத்தனை? இந்த வாளி மேலே வருகிறதா, கீழே போகிறதா?" என்று கேட்டால் போதும், ரப்பரை மேசைக்குள் போட்டுவிட்டு.

சித்தன்னவாசல் உங்கள் மாவட்டத்தில்தானே இருக்கிறது? அங்கே பாறையில் குடைந்த அறிவர் கோயில் விதானத்தில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தாமரைக்குள ஓவியம். தாமரை தண்டோடு நிமிர்ந்து நிற்கிறது, அதே குளத்தில் மீனும் தெரிகிறது, யானையும் எருமையும் இறங்கி நிற்கின்றன, பூப்பறிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் ஒரு குளம் இப்படி மொத்தமாகக் கண்ணுக்குத் தெரியாது. வரைந்தவனுக்கு அதெல்லாம் தெரியும், அதனால் வரைந்தான். நிறைய உதிர்ந்துவிட்டது, இருக்கிறது போதும்.

அந்த 10,000 ரூபாயில் ஒரு வேன் பிடித்து எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். பதினைந்து வயதுக்குள் என்றால் தொல்லியல் துறை டிக்கெட் கேட்காது. வெயிலுக்கு முன்னால் காலையிலேயே போய்விடுங்கள், பாறை சுடும். மிச்சப் பணத்துக்கு வெள்ளைத்தாள், பெரிய தாளாக. நன்கொடை தருகிறவர் கீபோர்டோடு போட்டோதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் என் நம்பரை அவருக்குக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.