நாயனம் படிக்க ஒன்பது லட்சம் கடன் எதற்கு?

திருவாரூர் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, மகளையும் தன் அண்ணனையும் அழைத்துக்கொண்டு என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார். பிளஸ் டூ முடித்த பெண். மூன்று வருடமாக ஊரில் ஓர் ஆசிரியரிடம் நாதஸ்வரம் கற்கிறாள், மேற்கொண்டும் அதையேதான் படிப்பேன் என்கிறாள். தாய்மாமனுக்கு இஷ்டமில்லை. "இசைதான் வேணும்னா சென்னையில் தனியார் கல்லூரி இருக்கு. கீபோர்டு, சவுண்ட் எல்லாம் சொல்லித் தர்றாங்க. வருஷம் மூணு லட்சம், நிலத்தை வச்சு கடன் வாங்கிக்கலாம். பொம்பளப் பிள்ளை நாயனம் வாசிச்சா யாரு கட்டிப்பா?" என்றார்.

"எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. அம்மா, உங்களுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். நிலத்தை அடமானம் வைக்காதீர்கள். மூன்று வருடத்துக்கு ஒன்பது லட்சம், விடுதிச் செலவு வேறு. அவ்வளவும் அவள் கேட்காத கீபோர்டுக்கு.

பக்கத்தில் திருவாரூரிலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. கலை பண்பாட்டுத் துறை நடத்துவது. குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம், தேவாரம், நாதஸ்வரம், தவில் என்று மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்புகள். வயது 12 முதல் 25 வரை. நாதஸ்வரத்துக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்பதால் பலர் இதை மட்டமாக நினைக்கிறார்கள். அது தவறு. கட்டணம் வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான், பேருந்துச் சலுகையும் உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், தவில் படிக்கும் பிள்ளைகளும் அதே கூரையின் கீழ் இருப்பார்கள். தவிலோடு தினம் உட்கார்ந்து வாசிக்காமல், சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரி கைக்கு வராது. ஆசிரியர் வீட்டில் தனியாகக் கற்கும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு எங்கே?

பட்டம் வேண்டுமே என்றீர்கள். சரி, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பி.ஏ. சேர்த்துவிடுங்கள். பகலில் இசைப்பள்ளி, இரவில் பாடப்புத்தகம். அப்புறமும் அவளுக்கு ஆசை இருந்தால் திருவையாறு அரசு இசைக் கல்லூரி இருக்கிறது.

வருமானத்தை மறைத்துப் பேச மாட்டேன். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது, கச்சேரி வாய்ப்பும் எல்லோருக்கும் வராது. அதனால்தான் சான்றிதழ் முக்கியம் என்கிறேன். அறநிலையத் துறைக் கோயில்களில் நாதஸ்வரப் பணியிடத்துக்கு இசைப்பள்ளிச் சான்றிதழைத்தான் கேட்கிறார்கள். கீபோர்டு டிப்ளமோவோடு அந்த வாசலில் போய் நிற்க முடியாது.

இனி மாமாவுக்கு. 'மேளக்காரர் வேலை' என்று நீங்கள் சொன்ன தொனி அந்தப் பெண் முகத்தில் தெரிந்தது. ஷேக் சின்ன மௌலானா ஆந்திராவிலிருந்து வந்து ஸ்ரீரங்கத்தில் குடியிருந்து, இந்த வாத்தியத்தால் நாடு முழுக்க மதிக்கப்பட்டவர். 2020இல் பத்மஸ்ரீ பெற்ற காலீஷாபி மஹபூப் ஒரு பெண். கணவர் ஷேக் மஹபூப் சுபானியோடு சேர்ந்தே நாதஸ்வரம் வாசிப்பவர். கல்யாணப் பேச்சை இப்போது எடுக்காதீர்கள். அவளுக்கு வயது பதினேழு.

அன்று அவளை வாசிக்கச் சொன்னேன். மூச்சு நன்றாக நிற்கிறது, ஆனால் சீவாளி, அதாவது வாயில் வைத்து ஊதும் பகுதி, தேய்ந்துபோய் சுருதி விலகுகிறது. ஊருக்குப் போனதும் முதலில் நல்ல சீவாளி இரண்டு வாங்கிக் கொடுங்கள். அடுத்த வாரம் அவளையே இசைப்பள்ளிக்கு அனுப்பி, ஒரு நாள் வகுப்பு நடப்பதைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.