குச்சியில் எஃப் கோட்டைத் தாண்டிய ஆயில்: வண்டியை எடுக்கலாமா?

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய தமது சிறிய பெட்ரோல் காரை, வண்டிகளை எடுத்துச் சென்று சர்வீஸ் முடித்துக் கொண்டுவருவதையே தொழிலாகச் செய்யும் உள்ளூர்க்காரர் ஒருவர் மூலம் தஞ்சாவூரில் உள்ள சர்வீஸ் நிலையத்துக்கு அனுப்பியிருக்கிறார். மறுநாள் காலை பானெட்டைத் திறந்து ஆயில் குச்சியை உருவிப் பார்த்தபோது, மேல்கோடான எஃப் குறியைத் தாண்டி 18 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஆயில் நின்றிருக்கிறது. கீழ்க்கோடான எல் குறிக்கும் எஃப் குறிக்கும் இடைவெளியே 20 மில்லிமீட்டர்தான் என்று ஸ்கேல் வைத்து அளந்தும் எழுதியிருக்கிறார். வண்டியின் கையேட்டில் ஃபில்டர் மாற்றினால் 3.1 லிட்டர் என்று இருக்கிறது. பில்லில் 4 லிட்டர் போட்டிருக்கிறார்கள். தொலைபேசியில் கேட்டதற்கு, "கொஞ்சம் கூட இருந்தா இன்ஜினுக்கு நல்லதுதான் சார், ஓட ஓடக் குறைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டார்களாம். வண்டியை ஓட்டலாமா, இன்னும் இரண்டு ஆண்டு பாக்கியிருக்கும் வாரண்டிக்கு இதனால் பாதகம் வருமா என்பவை அவருடைய கேள்விகள்.

ஓட்ட வேண்டாம். ஆயிலை எடுக்கும்வரை வண்டி வீட்டு வாசலிலேயே நிற்கட்டும்.

காரணம் எளிய கணக்குதான். இந்த அளவுள்ள கார்கள் பலவற்றில் எல் குறியிலிருந்து எஃப் குறிவரை ஏற்றுவதற்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் பிடிக்கும். அப்படியானால் 18 மில்லிமீட்டர் என்பது சுமார் 900 மில்லி. கையேட்டின் 3.1 லிட்டரையும் பில்லின் 4 லிட்டரையும் கழித்துப் பாருங்கள், அதே 900 மில்லி வருகிறது. கேனில் இருந்ததை முழுவதும் கவிழ்த்துவிட்டார்கள் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. எஃப் கோட்டுக்கு மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஏறியிருந்தால் கவலைப்பட வேண்டாம் என்றே எழுதியிருப்பேன். இது அப்படிப்பட்ட அளவு அன்று.

இன்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் சேம்பருக்குச் சற்று மேலே, பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு சுழல்கிறது. ஆயில் சரியான அளவில் இருக்கும்போது கிராங்கின் எடைக்கட்டிகள் அதைத் தொடாமல் சுற்றுகின்றன. ஆயில் ஏறிவிட்டால், நிமிடத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் சுற்றில் அவை ஆயிலுக்குள் அடித்து, மத்தைப் போட்டுக் கடைந்ததைப் போல நுரையாக்கிவிடும். ஆயில் பம்ப் உறிஞ்சி அனுப்புவது அப்போது பாதி ஆயில், பாதி காற்று. பேரிங்குகளுக்கு நடுவே உலோகத்தை உலோகம் தொடாமல் காக்கும் மெல்லிய படலம் நுரையால் உருவாவதில்லை. இன்னொரு புறம், சேம்பருக்குள் அழுத்தம் கூடி, ஆயில் சீல்களின் வழியே கசியத் தொடங்கும். சேம்பரின் காற்றை வெளியே விடும் மூச்சுக்குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளும் போய், எரிந்து, புகைக்குழாயில் நீலப்புகையாக வரும். அந்தப் புகை நாள்பட வந்தால் புகையின் நச்சைக் குறைக்கும் விலையுயர்ந்த கேட்டலிடிக் கன்வர்ட்டரும் கெடும். தஞ்சாவூரிலிருந்து உங்கள் ஊர் வரை சுமார் 40 கிலோமீட்டர் ஓடியதில் பெரிய சேதம் நேர்ந்திருக்க வாய்ப்புக் குறைவு. அந்தச் சாலையில் யாரும் அவ்வளவு விரட்ட முடியாது. ஆனால் இதே நிலையில் நான்குவழிச் சாலையில் ஏறித் திருச்சிக்கோ சென்னைக்கோ போவது வேறு விஷயம்.

டாஷ்போர்டில் ஆயில் விளக்கு எரியவில்லையே என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிவப்பு விளக்கு ஆயிலின் அழுத்தத்தைக் காட்டுவதே தவிர அளவைக் காட்டுவது அன்று. அது எரியும்போது காரியம் கைமீறியிருக்கும்.

"ஓட ஓடக் குறைஞ்சிடும்" என்ற பதிலைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று ஆண்டே ஆன நல்ல இன்ஜின் 900 மில்லி ஆயிலைத் தின்று தீர்க்கும் என்று சொல்லும் நிலையம், தான் பராமரிக்கும் இன்ஜின் பழுதானது என்றல்லவா சொல்கிறது? டீசல் வண்டியில் இந்த அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். பல ஆண்டுகளுக்கு முன் கும்பகோணத்தில் நான் வேலை பார்த்த பட்டறைக்கு, வேறோர் இடத்தில் அப்போதுதான் ஆயில் மாற்றிய பழைய டீசல் வண்டி ஒன்று புகைந்துகொண்டே வந்து சேர்ந்தது. ஓட்டுநர் சாவியைத் திருப்பி எடுத்துக் கையில் வைத்திருக்கிறார், இன்ஜின் நிற்கவில்லை. மூச்சுக்குழாய் வழியே தன் ஆயிலையே இழுத்து எரித்துக்கொண்டு, நிமிடத்துக்கு நிமிடம் வேகம் கூடி அலறியது. ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, காற்று புகும் வாயில் ஒரு பலகைத் துண்டை வைத்து இரண்டு பேர் அழுத்திப் பிடித்த பிறகுதான் அடங்கியது. பெட்ரோல் காரில் இப்படி நடக்காது என்பது உங்களுக்கு ஆறுதல்.

டீசல் என்று சொன்னதால், உங்கள் கேள்விக்குச் சற்று வெளியே போனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதைப் படித்துவிட்டு டீசல் கார் வைத்திருப்பவர்கள் குச்சியைப் பார்த்த மாத்திரத்தில் சர்வீஸ் நிலையத்தோடு சண்டைக்குப் போய்விடக் கூடாது. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ். 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார்களில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரித்துத் தீர்ப்பதற்கு அந்த வடிகட்டி 600 டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும்; அதற்காகப் பல வண்டிகளில் கொஞ்சம் டீசலைக் கூடுதலாக, காலம் தாழ்த்தி, சிலிண்டருக்குள் பீய்ச்சுகிறார்கள். அதில் ஒரு பகுதி எரியாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து, ரிங்குகளைத் தாண்டி, ஆயிலோடு கலக்கிறது. நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும் வண்டிக்கு இது பெரிதில்லை. கடைத்தெருவுக்கும் வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக இரண்டிரண்டு கிலோமீட்டர் போய்ப் போய் நிற்கும் வண்டிக்கு, எரிப்பு பாதியில் அறுந்து, மறுபடி தொடங்கி, ஒவ்வொரு முறையும் டீசல் இறங்கி, யாரும் ஒரு சொட்டு ஊற்றாமலே ஆயிலின் மட்டம் ஏறிக்கொண்டே போகும். இதை எதிர்பார்த்தே சில டீசல் வண்டிகளின் குச்சியில் எஃப் குறிக்கு மேலே இன்னொரு குறி போட்டிருப்பார்கள். ஆகவே சர்வீஸ் முடித்த மறுநாளே மட்டம் ஏறியிருந்தால் குற்றம் ஊற்றியவருடையது. மூன்று மாதம் கழித்து ஏறியிருந்தால், ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். டீசல் நெடி அடித்து, தண்ணீராய் இளகியிருந்தால், மேலே இருப்பதை மட்டும் எடுத்துப் பயனில்லை, முழுவதும் மாற்ற வேண்டும். மிச்சத்தை நல்லதென்று நம்பி ஓட்டுவது நஷ்டம்.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். முதலில், குச்சியைத் துணியால் துடைத்து, மறுபடி செருகி உருவி, எஃப் குறியும் ஆயிலின் மட்டமும் தெளிவாகத் தெரியும்படி கைபேசியில் படம் எடுங்கள். சமதளத்தில், காலையில், ஆறிய இன்ஜினில் நீங்கள் அளந்தது சரியே. பில்லையும் கையேட்டின் அந்தப் பக்கத்தையும் கூடவே படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு சர்வீஸ் நிலையத்துக்கு மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்புங்கள். தொலைபேசிப் பேச்சுக்குச் சாட்சி இல்லை. வண்டியை ஓட்டிவரச் சொன்னால் மறுத்து, மெக்கானிக்கை அனுப்பச் சொல்லுங்கள். குச்சி நுழையும் குழாய் வழியாக மெல்லிய ஹோஸை விட்டு உறிஞ்சி எடுப்பது அரைமணி நேர வேலை. 900 மில்லிக்காக அடியில் இருக்கும் டிரெயின் நட்டைக் கழற்ற விடாதீர்கள். அலுமினியச் சேம்பரில் மரை தேய்ந்தால் அது புதுத் தலைவலி. எடுத்த பிறகு, எவ்வளவு எடுக்கப்பட்டது என்பதை ஜாப் கார்டில், அதாவது செய்த வேலையைக் குறிக்கும் சீட்டில், எழுதி வாங்குங்கள். வாரண்டியைப் பொறுத்தவரை அந்த ஒரு வரிதான் உங்கள் காப்பு. அதிகமாக இருப்பது தெரிந்தும் ஓட்டினீர்கள் என்று நாளை அவர்கள் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது.

இந்த இடத்தில்தான் ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். "எல்லாவற்றையும் வடித்துவிட்டு, ஃப்ளஷ் போட்டு, புது ஆயில் ஊற்றித் தருகிறோம், பாதி விலை கொடுத்தால் போதும்" என்பார்கள். ஃப்ளஷ் என்பது இன்ஜினை உள்ளே கழுவும் திரவம். உங்கள் ஆயில் கெடவில்லை, அளவுதான் கூடிவிட்டது. அவர்கள் செய்த பிழையைத் திருத்த நீங்கள் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. ஃப்ளஷ், ஆயிலில் கலக்கும் மருந்து, கரி நீக்கும் சிகிச்சை ஆகிய மூன்றும் பெரும்பாலும் நிலையத்தில் உங்களிடம் பேசும் சர்வீஸ் அட்வைசரின் மாத இலக்குக்காக விற்கப்படுபவை. கையேட்டில் இல்லாத எதையும் மறுத்துவிடுங்கள்.

வண்டியை எடுத்துச் சென்றவரைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூடக் குறை எழுதவில்லை. நான் எழுதுகிறேன். டெல்டாவில் ஊருக்கு ஒருவர் இப்படி இருக்கிறார்; உங்களிடம் கூலி வாங்குவதோடு, வண்டி கொண்டுவந்ததற்காக நிலையத்திலும் கமிஷன் வாங்குபவர்கள் இவர்களில் உண்டு. ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுவது இவர். பழைய ஃபில்டரைக் காட்டு, மீதி ஆயிலைக் கொடு என்று கேட்க வேண்டிய இடத்தில் டீக்கடையில் உட்கார்ந்திருப்பதும் இவர்தான். 3.1 லிட்டர் போதும் என்ற வண்டிக்கு 4 லிட்டர் பில் போட்டால், மீதி 900 மில்லி கேனோடு உங்கள் டிக்கியில் வந்திருக்க வேண்டும். நேர்மையற்ற இடத்தில் அதை அமுக்குவார்கள். அக்கறையற்ற இடத்தில் இன்ஜினிலேயே ஊற்றிவிடுவார்கள். உங்களுக்கு நடந்தது இரண்டாவது.

இதில் நிற்கும் மெக்கானிக் பையனை நான் குறை சொல்ல மாட்டேன். ஐ.டி.ஐ. முடித்து வந்த அவன் கையில் எந்த நிர்வாகமும் கையேட்டைக் கொடுப்பதில்லை. ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்ற எண்ணிக்கையைத்தான் கொடுக்கிறார்கள். ஊற்றிய பின் இன்ஜினை ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஃபில்டர் குடித்ததுபோகக் குச்சியில் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க அவனுக்கு ஐந்து நிமிடம் தரமாட்டார்கள். ஆனால் "பத்துக்குப் பத்து மதிப்பெண் போடுங்கள் சார்" என்று உங்களை மூன்று முறை தொலைபேசியில் அழைக்க ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பார்கள்.

அவர்கள் மசியவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பல நிலையங்கள் அதற்கே இறங்கிவருகின்றன. அதற்கும் மேலே போனால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே மனுச் செய்யலாம், தஞ்சாவூருக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். எதிர்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதத்துக்குள், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்துக்குள், முடிவு சொல்ல முயல வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. வாய்தா வாங்கி வாங்கிச் செருப்புத் தேய்ந்தவர்கள் அந்த வரியைப் படித்துவிட்டு என்ன நினைப்பார்களோ! இன்ஜினுக்குச் சேதம் இல்லாத நிலையில், ஆயிலை எடுத்து எழுதிக்கொடுத்துவிட்டால் அதோடு விட்டுவிடுவதே உங்களுக்கு லாபம்.

ஆயிலை எடுத்த பின் வண்டியை உள்ளூரில் 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து ஆயில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி நிற்கும் இடத்தில் தரையில் ஓர் அட்டையை விரித்து, இரண்டு இரவு சொட்டு விழுகிறதா என்றும் பாருங்கள். இரண்டும் காய்ந்திருந்தால் திருச்சிக்குப் போகலாம். எடுத்த 900 மில்லியை மெக்கானிக் வாசலில் இருக்கும் வாய்க்காலில் ஊற்றப் பார்ப்பார், விடாதீர்கள். அது ஒரு நாள்கூட உழைக்காத, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய புது ஆயில். ஜாப் கார்டில் குறித்துவிட்டுச் சுத்தமான கேனில் வாங்கி வையுங்கள், பம்ப்செட் அறைக் கதவின் கீலுக்கும் கேட் தாழ்ப்பாளுக்கும் இரண்டு வருடம் வரும்.